வில்வித்தை ஹதீஸும் கைத்துப்பாக்கி ஆசையும்



அமெரிக்காவில் வாழும் உறவினர் அனுப்பிய காணொளி ஒன்று கள்ளக்குறிச்சியின் நிக்காஹ் பந்தலில் கைமாறிக் கைமாறிச் சுற்றுவதை நீங்களும் கண்டிருக்கலாம். காதில் ஒலித்தடுப்பானும் கண்ணில் காப்புக் கண்ணாடியும் அணிந்த நம் பிள்ளை ஒருவன், பாலைவனத்தின் நடுவே காகித மனிதனின் மார்பில் இரண்டிரண்டு தோட்டாக்களைப் பதிக்கிறான். தற்காப்புக் கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் நான்கு நாள்கள் பயின்றதற்குச் சான்றிதழும் பெற்றிருக்கிறான். பார்த்தவர்களில் ஒருவராவது உடனே சொல்லிவிடுகிறார்: "இது சுன்னத்தான வித்தை. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கற்க வேண்டும். காலம் சரியில்லை." சுற்றியிருப்பவர்கள் தலையசைக்கிறார்கள். மறுப்போர் இல்லை. மறுத்தால் கோழை என்றோ மார்க்கம் அறியாதவர் என்றோ பெயர் வரும் என்ற தயக்கம்.

அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன். இந்த ஆசைக்குச் சுன்னத் என்று பெயர் சூட்டுவது தவறு. பாதி மார்க்கத்தைச் சொல்லி மீதியை மறைக்கும் தவறு.

முதலில் அப்பள்ளிகள் எத்தகையவை என்பதைப் பார்ப்போம். அமெரிக்க மரைன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர் என்பவர் 1976இல் அரிசோனா மாநிலத்தில் தொடங்கிய பள்ளியே இவ்வகைக்கு முன்னோடி. இன்று அது கன்சைட் என்ற பெயரால் அறியப்படுகிறது. படைவீரர் அல்லாத குடிமக்களுக்கும் கைத்துப்பாக்கிச் சண்டையை ஒரு பாடமாக வகுத்துக் கற்பித்தவர் அவர். அதன்பின் பல பள்ளிகள் முளைத்தன. நெவாடா பாலைவனத்தில் இயங்கிய ஃப்ரண்ட் சைட் என்ற நிறுவனம் ஆயுட்கால உறுப்பினர் சீட்டுகளைப் பெருமளவில் விற்றுத் தள்ளி, 2022இல் திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது. அச்சத்தை விற்கும் கடையிலும் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது!

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கூப்பர் வகுத்த நான்கு விதிகள் நல்ல விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரலை வைக்காதே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய்துகொள். அப்பள்ளிகள் கற்பிப்பவற்றில் மிக மேலானது இந்த அடக்கமே. காணொளியில் இது வருவதில்லை. காகித மனிதன் துளைபடுவதுதான் வருகிறது. நம் இளைஞர்கள் காதல் கொள்வது அந்தத் துளையின்மீதே.

இனி ஹதீஸுக்கு வருவோம். அன்ஃபால் அத்தியாயத்தின் அறுபதாம் வசனத்தில் இறைவன் குறிப்பிடும் 'பலம்' என்பது எய்தலே என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியது முஸ்லிம் நூலில் உள்ளது. எய்தலைக் கற்றபின் அதைக் கைவிட்டவரைக் கண்டித்த செய்தியும் அங்கேயே உள்ளது. இவற்றை நான் மறைக்கவில்லை. குறைத்துப் பேசவும் இல்லை. ஆயினும் அவ்வசனம் ஒரு சமூகமாக, ஒரு தலைமையின்கீழ், ஒரு படையாக ஆயத்தம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஓர் ஆயுதம் இருக்கட்டும் என்று அதைப் படிப்பது எந்தத் தஃப்ஸீரில் உள்ளது என்று காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. எய்தல் ஹதீஸை மனப்பாடமாகச் சொல்பவர்கள் அதன் உடன்பிறப்புகளைச் சொல்வதில்லை. அம்புகளோடு பள்ளிவாசல் வழியாகவோ சந்தை வழியாகவோ செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் நீட்டுவதைத் தடுத்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). உடன்பிறந்த சகோதரனாகவே இருந்தாலும், விளையாட்டாகவே இருந்தாலும், இரும்பை அவனை நோக்கிக் காட்டுபவரை வானவர்கள் சபிக்கிறார்கள் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). உறங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றை மற்றொருவர் வேடிக்கையாக எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தபோது, ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதல்ல என்றார்கள் (அபூதாவூத்). ஒரு கயிற்றுக்கே இந்தத் தீர்ப்பு! கைப்பேசியில் துப்பாக்கியோடு படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பும் இளைஞன் எந்தப் பக்கம் நிற்கிறான்?

இன்னொரு ஹதீஸை நம் உரைகளில் அரிதாகவே கேட்கிறோம். விரல்களுக்கிடையில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைப் பிராணியைக் கொல்லாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்று காரணமும் சொன்னார்கள் (புகாரி). ஓர் ஆயுதத்தை அளக்கும் அளவுகோல் இதில் இருக்கிறது. அதனால் விளையும் பயன் என்ன? அருகில் இருப்பவருக்கு விளையும் கேடு என்ன? கற்காலத்துக் கல்லுக்குக் கேட்கப்பட்ட இக்கேள்வியை இரும்புக் குழலுக்குக் கேட்கக் கூடாதா?

"தன் உடைமையைக் காக்கும்போது கொல்லப்பட்டவர் ஷஹீத் ஆயிற்றே" என்பார்கள். உண்மை. அது உறுதியான நபிமொழி. ஆனால் நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் அதை வைத்து என்ன சட்டம் வகுத்தார்கள் என்று பாருங்கள். கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலில், தாக்க வருபவனைத் தடுப்பது பற்றிய பகுதி இருக்கிறது. சொல்லால் தடுக்க முடிந்தால், உதவிக்குக் கூவித் தடுக்க முடிந்தால், அடிப்பது ஹராம். கையால் முடிந்தால் சாட்டை ஹராம். சாட்டையால் முடிந்தால் தடி ஹராம். இப்படியே படிப்படியாக ஏறிக் கடைசிப் படியில்தான் உயிர் எடுப்பது வருகிறது. ஓடித் தப்ப முடியும் என்றால் ஓடுவதே கடமை, சண்டையிடுவது தடை என்பதே மத்ஹபின் தீர்ப்பு. ஓடுவதைக் கோழைத்தனம் என்று சொல்லும் நம் பந்தல் வீரர்கள் இந்தப் பக்கத்தை உஸ்தாதிடம் உட்கார்ந்து ஓத வேண்டும். கைத்துப்பாக்கிக்கு இருப்பது ஒரே படி. சொல், கூவல், கை, தடி எல்லாவற்றையும் அது தாண்டிக் குதிக்கிறது.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில்தான் நிற்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளிலும் தற்காப்புரிமை இடம்பெற்றுள்ளது. தேவைக்கு மேல் தீங்கிழைக்க அதில் இடமில்லை. காவல் துறையை நாடப் போதிய அவகாசம் இருக்கும்போது அந்த உரிமையே இல்லை.

துப்பாக்கி உரிமமோ எளிதில் கிட்டுவதன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, உயிருக்கு மெய்யான ஆபத்து உண்டு என்று காட்டி, காவல் துறையின் விசாரணையைத் தாண்ட வேண்டும். 2016ஆம் ஆண்டின் விதிகளோ பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும், ஆயுதத்தைப் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழியும் கேட்கின்றன. ஆக, இந்நாட்டில் பயிற்சி என்பது உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. பொழுதுபோக்குச் சுற்றுலா அன்று. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள்.

பெண்மக்களைப் பெற்றவர்களின் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. டெல்லிக் கொடுமைக்குப் பின் 2014இல் கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற சிறு கைத்துப்பாக்கியைப் பெண்களுக்கென்றே அறிமுகப்படுத்தியது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். சின்னசேலத்திலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்குப் போகும் எந்தப் பெண் அதை வாங்குவாள்? வாங்கினாலும் கூட்ட நெரிசலில் அதை எங்கே வைத்துக்கொள்வாள்? அவளுக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பேருந்து, விளக்கெரியும் தெரு, புகார் கொடுத்தால் அவளையே குற்றவாளியாக்காத குடும்பம். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யாமல் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது வசதியான பேச்சு.

துப்பாக்கி வீட்டில் இருந்தால் வீடு பத்திரம் என்ற நம்பிக்கையைப் பயிற்சிப் பள்ளிகளின் தாயகமே பொய்யாக்கிவிட்டது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,000க்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடன் சுட்டதல்ல, அந்நியன் சுட்டதல்ல. துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு என்று 1993இலேயே ஆர்தர் கெல்லர்மன் குழுவின் ஆய்வு கூறியது. கொன்றவர் பெரும்பாலும் குடும்பத்தினரோ அறிமுகமானவரோதான். அந்தக் கணக்கின்மீது அமெரிக்காவில் இன்றும் சர்ச்சை உண்டு. ஆனால் தற்கொலைக் கணக்கின்மீது சர்ச்சை எதுவும் இல்லை. நம் குடும்பங்களில் தேர்வில் தோற்ற பிள்ளையும், கடன்பட்ட அத்தாவும், மனம் ஒடிந்த மருமகளும் இல்லையா? ஒரு கணத்தின் இருளில் கை நீளும் தூரத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று நாம் யோசிக்க வேண்டாமா? தன்னைக் கொன்றுகொள்வது பெரும்பாவம் என்று ஜும்ஆவில் சொல்லிவிட்டு, அதற்கான கருவியை வீட்டில் வைக்கச் சொல்வது என்ன பேச்சு?

இதுவரை சொன்னது பாலைவனத்துக் காணொளிக்கு. நம் கண்ணெதிரே மேற்கில் நிற்கும் மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைத்துப்பாக்கிப் பள்ளி நமக்குக் கனவுதான். நாட்டுத் துப்பாக்கியோ கல்வராயன் மலையில் நெடுங்கால நனவு.

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை, கரியாலூர் வரை ஏறும் சாலையில் புளி, கடுக்காய், தேன், மரவள்ளி என்று கொள்முதல் செய்யச் செல்பவர்களில் நம்மவர்களும் உண்டு. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் அண்மைக்காலம் வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின்கீழ் வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்து வந்தவர்களுக்கு 1976இல்தான் விடுதலை கிடைத்தது. அமெரிக்காவில் கூப்பர் பள்ளி திறந்த அதே ஆண்டு! அவர்களின் நிலத்தில் காட்டுப்பன்றி புகுந்தால் ஓரிரவில் மரவள்ளி முழுதும் போகும். வெடிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் வாய்வழியாகக் கிட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி அங்கே இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. வேட்டைக்கும் வந்தது.

அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை, கூப்பரின் நான்கு விதிகளும் இல்லை. இருட்டில் அசைவது பன்றியா மனிதனா என்று அது கேட்பதில்லை. குழல் வெடித்தால் சுட்டவன் முகமே போகும். உரிமமின்றி வைத்திருப்பவருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. தயாரிப்பவருக்கு ஏழாண்டு முதல் ஆயுள்வரை. தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல் துறையினர் மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பதும், சிலர் கொண்டுவந்து வைப்பதும், பலர் தயங்குவதும் தொடர்கதை.

இதில் மலை மக்களை மட்டும் குற்றம் சொல்வது அநீதி. குடகு மக்களுக்கு அவர்களின் மரபைக் காட்டி ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. கல்வராயன் உழவருக்கு விலக்கும் இல்லை, பயிரிழப்புக்கு உரிய நேரத்தில் இழப்பீடும் இல்லை. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் மலைக்குள்ளேயே வாழ்பவனுக்கு அந்த மூன்று கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்கும்? துப்பாக்கியைக் கேட்பவர்கள் பன்றிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நம் பங்குக்கு வருகிறேன். மலையிலிருந்து மறைவாக வரும் காட்டிறைச்சியை வாங்கும் ஆசை நம்மவரில் எவருக்கும் இருந்தால், அவர்களுக்கு இரண்டு செய்தி. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மார்க்கப்படியோ, பெயர் சொல்லிச் சுட்டாரா, உயிரோடு கிடைத்ததை முறைப்படி அறுத்தாரா என்பது தெரியாத இறைச்சி அது. தோட்டா கூர்முனையால் அறுப்பதில்லை, எரித்தும் விசையால் நசுக்கியும் கொல்கிறது, ஆகவே அறுக்கப்படாமல் அதனால் இறந்தது ஹலால் ஆகாது என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் கருதினார். மாலிகி அறிஞர்கள் மாறுபட்டனர். நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள். மான்கறி என்றதும் மட்டும் மாலிகி ஆகிவிடும் வித்தையை நான் எங்கும் படித்ததில்லை.

ஓர் ஆட்சேபம் கட்டாயம் வரும். "மற்றவர்கள் வெளிப்படையாகப் பயிற்சி எடுக்கிறார்களே, நாம் மட்டும் கை கட்டி நிற்பதா?" இந்தக் கோபத்தின் வேர் எனக்குத் தெரியும். 2022 மே மாதம் குடகின் பொன்னம்பேட்டையில் ஒரு பள்ளி வளாகத்தில் பஜ்ரங் தள் நடத்திய முகாமில் இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தி நின்ற படங்கள் நாடெங்கும் பரவின. அவை வெறும் ஏர்கன் என்று அமைப்பினர் சொன்னார்கள். 2013 ஏப்ரலில் கேரளத்தின் நாராத்தில் நடந்த முகாமுக்காக நம்மவர் 21 பேரை 2016இல் தேசியப் புலனாய்வு நீதிமன்றம் தண்டித்தது. இரண்டுக்கும் கிடைத்த ஊடகச் சொற்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அளவுகோல் ஒன்றல்ல என்பதைச் சொல்ல நான் அஞ்சவில்லை. அந்த அநீதியை எழுத்தாலும் வழக்காலும் வாக்காலும் எதிர்க்க வேண்டும். ஆனால் அதே அநீதிதான் நம் பிள்ளையின் கையில் துப்பாக்கி இருக்கும் ஒரே ஒரு படம் அவன் வாழ்வை எங்கே கொண்டுபோகும் என்பதையும் சொல்கிறது. வேலைக்கான காவல் துறைச் சான்று, கடவுச்சீட்டு, வெளிநாட்டு விசா, தங்கையின் சம்பந்தம் எல்லாம் அந்தப் படத்தின் நிழலில் நிற்கும். இது கோழைத்தனம் அன்று. குடும்பத்தைத் தாங்குபவன் போட வேண்டிய கணக்கு. அதோடு, பிறர் செய்வதால் ஒரு செயல் நமக்கு ஆகுமாகிவிடும் என்பது எந்த மத்ஹபின் விதி?

நம் ஊரில் மனிதர்கள் எதனால் இறக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள்ளக்குறிச்சி மருத்துவமனை வாசலில் அன்று கேட்ட ஓலத்துக்கு எந்தத் தற்காப்புப் பள்ளியில் பாடம் இருக்கிறது? உடனே எல்லாப் பழியும் மலைமீது போடப்பட்டது. மெத்தனால் மலையில் காய்ச்சும் பொருளன்று, தொழிற்சாலை வேதிப்பொருள் என்பதைச் சிலரே சொன்னார்கள். அதன்பின்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அம்மலை மக்களின் சாலை, மருத்துவம், பிழைப்பு பற்றி விசாரிக்கத் தொடங்கியது. இறந்தவர்களின் வீடுகள் நம் கடைகளுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருந்தன. மது நமக்கு ஹராம், ஆகவே அது நம் துயரம் அன்று என்று ஒதுங்கியவர்கள் அண்டை வீட்டார் ஹதீஸை எங்கே வைத்தார்கள்?

எய்தலில் மெய்யான ஆர்வம் உள்ள பிள்ளை இருந்தால் அவனைத் தடுக்கச் சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் சங்கத்தில் விளையாட்டாகச் சேர்க்கலாம்; வில்வித்தையில் சேர்த்தால் ஹதீஸின் சொல்லுக்கும் நெருக்கம். பதிவேட்டில் பெயர் இருக்கும், பயிற்சியாளர் முன்னிலையில் சுடுவான், குறி காகிதவட்டமாக இருக்கும், மனித உருவமாக இராது. உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக வழங்கும் கூற்றில் எய்தலோடு நீச்சலும் இருக்கிறது. அந்த நீச்சலை ஏன் எவரும் காணொளி எடுப்பதில்லை? கோடை விடுமுறைதோறும் கிணற்றிலும் அணையிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் மாவட்டம் இது. எத்தனை ஜமாஅத்துகள் நீச்சல் பயிற்சிக்கு ஒரு ரூபாய் ஒதுக்கியுள்ளன?

மலைக்கு வியாபாரம் செய்யப் போகும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களை நம்பிக் கடன் கொடுப்பவர்களும் உங்களிடம் மனம்விட்டுப் பேசுபவர்களும் அங்கே இருக்கிறார்கள். அடுத்த முறை ஒப்படைப்பு அறிவிப்பு வரும்போது, வழக்கில்லை என்ற செய்தியை அவர்களிடம் சேர்த்து, தயங்குபவருடன் கரியாலூர் காவல் நிலையம் வரை கூடவே செல்லுங்கள். பயிரிழப்பு மனுவை அவருக்கு எழுதிக் கொடுத்து, வனத்துறையின் ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கித் தாருங்கள். காட்டிறைச்சிக்கு விலை கேட்காதீர்கள்.